புதுக்கருக்கு

"செத்துப்போன மனுசன் உழவு ஓட்டறாரு. நீங்க இங்க உக்காந்து வால்வு தேய்ச்சுட்டு இருக்கறீங்களாக்கும்!"

ஷெட்டு வாசலில் மூச்சு வாங்க நின்றாள் யசோதா. வால்பாறை எஸ்டேட் பங்களாவில் புல் வெட்டி ஓய்ந்த பழைய மெசின் ஒன்று அவள் கணவர் சென்னியப்பனின் முன்னால் பிரிந்து கிடந்தது. அவர் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைக்கவில்லை.

"எந்த மனுசன்?"

"சிவராஜண்ணன். நம்ம வளரக்கா வூட்டுக்காரரு. அவரு பழைய டிராக்டர் தோட்டத்துல ஓடுதுங். சீட்டுல ஆளே இல்ல."

"ஆளில்லாம ஓடறது என்ன அதிசயம்? ஊர்ல எல்லா வண்டியும் அப்பிடித்தான ஓடுது."

"அது மெசினு ஓட்டறது. இது அவரு ஓட்டறது. வந்து பாத்துட்டு அப்பறம் பேசுங்க."

உடுமலைப் பக்கம் மனிதன் உட்கார்ந்து டிராக்டர் ஓட்டிய காலம் போய் வெகுநாளாகிவிட்டது. தானோட்டிகள் வந்து சத்தமில்லாமல் உழுதுவிட்டுத் தாமாகவே கொட்டகைக்குத் திரும்பும். டீசல் குடித்துப் புகை கக்கிய பழைய வண்டிகள் எல்லாம் சேகரிப்பவர்களிடம் தஞ்சம். அந்தக் கூட்டத்தில் சென்னியப்பன்தான் முதல் ஆள். வருசா வருசம் பொள்ளாச்சியில் பழைய டிராக்டர் சங்கம் கண்காட்சி நடத்தும். நடுவர்கள் டார்ச்சும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்துப் பார்ப்பார்கள். தேய்ந்த பாகம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், வண்டி வெளியே. கம்பெனியிலிருந்து அன்றைக்குத்தான் இறங்கியது போல இருப்பதற்குத்தான் புதுக்கருக்குப் பரிசு. அந்தப் பரிசு சென்னியப்பன் வீட்டைத் தாண்டி அதிகம் போனதில்லை.

சிவராஜின் வண்டியோ, அவர் செத்ததிலிருந்து வேப்பமரத்தடியில் துருப்பிடித்து நின்றது. சீட்டில் கோழி அடைகாத்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சென்னியப்பன் கேட்பார்: "ஏனுங் வளரக்கா, வண்டி இன்னைக்கு முட்டை போட்டுச்சுங்களா?"

அந்த முட்டை வண்டிதான் இப்போது உழுதுகொண்டிருந்தது.

வரப்பில் ஊரே நின்றது. டிராக்டர் தடதடவென்று வந்தது. கியர் மாறும்போது 'கர்ரக்' என்று பல் நெரித்தது.

வளர்மதி கையை வீசிக் கத்தினாள். "கியர உடைச்சுப் போடுங்க! பக்குவம் தெரியாம எப்பப் பாத்தாலும் ஒரே இழுப்பு!" பிறகு யசோதாவின் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. "காதுல வாங்கறாரா பாரு. உசுரோட இருக்கறப்பவே வாங்க மாட்டாரு."

வண்டி வயலின் மேற்கு மூலைக்குப் போனது. அங்கே ஒன்றுமே இல்லாத இடத்தை அகலமாக வளைந்து சுற்றித் திரும்பியது.

"அங்க ஏன் அப்பிடி ஒடிக்குது?" என்றார் சென்னியப்பன்.

"அங்க கொய்யா மரம் இருந்துதுங் தம்பி. அவரு போனதுக்கு அப்பறம் நாந்தான் வெட்டுனேன். அவருக்குத் தெரியாதுல்ல" என்றாள் வளர்மதி.

சென்னியப்பன் கண்ணைச் சுருக்கி அந்த வெறும் மூலையைப் பார்த்தார்.

வரப்போரமாக ஒரு பெண் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நஸ்ரின் என்று பெயர், திருப்பூர்க்காரி. விமான எஞ்சின் சோதிக்கிற இடத்தில் வேலை பார்த்து, அங்கே கற்றதை இங்கே கொண்டு வந்தவள். கையில் டார்ச் போல ஒரு கருவி. ஊரார் அதற்குள் அதற்குத் 'தேய்மானி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"இது எப்பிடிம்மா?" என்றார் சென்னியப்பன்.

"ஒண்ணும் மாயமில்லீங்க ஐயா. வண்டித்தடத்துல நடந்து போறீங்க. முன்னால போன மாட்டுவண்டி எது, பின்னால போன சைக்கிள் எதுன்னு மண்ணப் பாத்தே சொல்லுவீங்கல்ல? இரும்பும் அப்பிடித்தான். பெடல ஒருக்கா மிதிச்சா ஒரு கீறல். அதுக்கு மேல இன்னொண்ணு. கோடிக் கீறல் இருந்தாலும் எது முந்தி, எது பிந்தி, எவ்வளவு அழுத்தம், எந்தக் கோணம், எல்லாம் இது பிரிச்சிரும். கிளட்சு, கியர்த் தண்டு, ஸ்டியரிங் புஷ்ஷு எல்லாத்தையும் சேத்து வெச்சுப் படிச்சா அந்த ஆளோட கையும் காலும் வந்துரும். அப்பறம் இந்தப் பூச்சிகள மாட்டி விட்டா, அவங்க ஓட்டுன மாதிரியே ஓட்டும்."

பூச்சிகள் என்று அவள் சொன்னது உள்ளங்கை அளவுக் குட்டி மோட்டார்கள். பெடலிலும் கம்பியிலும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு அழுத்தின, இழுத்தன.

"அப்ப, தேய்மானந்தான்..."

"தேய்மானந்தான் எழுத்துங்க ஐயா."

பக்கத்தில் யசோதா இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பழசக் கழட்டிப் போட்டு, புதுசு மாட்டியிருந்தா?"

"எழுதாத பேப்பருங்க. அதுல படிக்க என்ன இருக்கும்?"

யசோதா இதைக் கேட்கவில்லை. அவள் பார்வை, இல்லாத கொய்யா மரத்தைச் சுற்றிப் போகும் வண்டியின் மேலேயே இருந்தது. வீடு திரும்புகிற வழியில் அவர் கையை மெல்லத் தொட்டாள். அவள் அவரைத் தொட்டே நாளாகியிருந்தது.

"ஏனுங். நம்ம மிதுவையும் ஒருக்காப் பாத்துரலாமுங்."

மிதுனா அவர்களுடைய ஒரே மகள். டிராக்டர் ஓட்ட யாருக்கும் அவசியமில்லாத காலத்தில் பிறந்து, ஓட்டியே தீருவேன் என்று அடம்பிடித்துக் கற்றவள். சென்னியப்பன் சேர்த்து வைத்த வண்டிகளிலேயே அழுக்கானதும் கிழடானதுமான நீல வண்டியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். மற்ற வண்டிகள் கண்காட்சிக்கு. நீல வண்டி மிதுனாவுக்கு. உழவுக்குப் போவாள், தேங்காய் ஏற்றுவாள், சும்மாவும் போவாள்.

"கிளட்சு மேல காலை வெச்சுட்டே ஓட்டாத சாமி. பிளேட்டு தேயும்" என்பார்.

"தேஞ்சா மாத்திக்கலாம்ப்பா. அதுக்குத்தான நீங்க இருக்கறீங்க?"

மாலையில் திரும்பும்போது வாய்க்கால் மேட்டு வளைவில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பாள். பாம், பாம். அது யசோதாவுக்கு. சத்தம் கேட்டதும் யசோதா அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். மகள் வண்டியை நிறுத்திவிட்டுக் கை கழுவி வரவும் முதல் தோசை வெந்து வரவும் சரியாக இருக்கும். "என்ற புள்ள ஊருக்கே கேக்கற மாதிரியில்ல பசிக்குதுங்கறா" என்று சலித்துக்கொள்வாள். சலிப்பு வாயில்தான்.

ஒரு ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் வந்தது. கொசுக்கடிக் காய்ச்சல்தான் என்றார்கள். ஒரு வாரம் தாங்கவில்லை. இருபத்து மூன்று வயது.

கருமாதி முடிந்து ஒறம்பரை சனம் கிளம்பியதும் சென்னியப்பன் ஷெட்டுக்குள் போய் நீல வண்டியைக் கடைசி போல்ட்டு வரைக்கும் பிரித்துப் போட்டார். அவருக்கு அழ வரவில்லை. கைவேலை மட்டும் வந்தது. குழிந்த பெடல், வழவழத்த கியர்க் குமிழ், இடது பக்கம் மட்டும் தேய்ந்த ஸ்டியரிங், ஒவ்வொன்றும் கண்ணில் முள்ளாகக் குத்தியது. ஒவ்வொன்றையும் கழற்றிப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தார். ஊர் ஊராக அலைந்து புதுசு வாங்கினார். கிடைக்காததை லேத்தில் கடைந்தார். மணல் அடித்துப் பெயிண்டை உரித்து, பழைய நீலத்தையே கலந்து அடித்தார். பிள்ளைக்கு உயிரான வண்டி. அதைப் பிறந்த அன்றைக்கு இருந்தது போல் ஆக்கிவிட வேண்டும். அவருக்குத் தெரிந்த துக்கம் அதுதான்.

அந்த வருசப் புதுக்கருக்குப் பரிசு அதற்குத்தான். நடுவர் கைகொடுத்துச் சொன்னார்: "ஒரு மனுசக்கை பட்ட மாதிரியே இல்லீங்க, சென்னியப்பன்!"

யசோதா கண்காட்சிக்கு வரவில்லை. கோப்பையோடு வந்தவரைப் பார்த்து ஒன்று சொன்னாள். "புள்ள போனது உங்களுக்குப் பெருசில்ல. பெயிண்டு காஞ்சுதாங்கறதுதான் பெருசு." அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் சாப்பாடு, மாத்திரை, மோட்டார் ரூம் சாவி, இவ்வளவுதான் பேச்சு.

அவள் இப்போது கையைத் தொட்டுக் கேட்கிறாள். என்னவென்று சொல்வது?

"பாக்கலாம்" என்றார்.

அந்தப் 'பாக்கலாம்' நீண்டுகொண்டே போனது. அந்தத் தேய்மானிப் பொண்ணு கோபிப் பக்கம் போயிருக்கா என்றார். பேட்டரி இல்லை என்றார். ஆடி போகட்டும் என்றார்.

அதற்குள் ஊர் தலைகீழாகிவிட்டது. தாராபுரத்தில் பாகப்பிரிவினை முடித்த அண்ணனும் தம்பியும் அப்பன் மிதித்த கிளட்சுப் பெடல் யாருக்கு என்று மறுபடி கோர்ட்டுக்குப் போனார்கள். இன்னோர் ஊரில் ஒரு தாய் வண்டியை நிறுத்தவே விடவில்லையாம். விதைத்த பயிருக்குள்ளும் அது ஓடியதாம், மருமகள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். பழனிப் பக்கம் ஒருவனுடைய அப்பாவின் வண்டி, தினமும் சாயங்காலம் யாருக்கும் தெரியாத ஒரு வீட்டு வாசலில் போய் நின்றதாம். சங்கம் விதியையே மாற்றிவிட்டது. தேய்ந்த வண்டிக்குத்தான் இனிப் பரிசு. அரத்தால் ராவிப் பொய்த் தேய்மானம் செய்கிறவர்கள்கூடக் கிளம்பிவிட்டார்கள்.

சென்னியப்பன் சொல்லாமல் கொள்ளாமல் கோயம்புத்தூருக்குப் போனார். தன்னுடைய பழைய இரும்பு எந்தப் பட்டறைக்குப் போனது என்று கேட்டுக் கேட்டு ஒரு வார்ப்பட ஆலை வரைக்கும் போய்விட்டார்.

"ஒரு கிளட்சுப் பெடலுங்க. நடுவுல குழிஞ்சிருக்கும். கொஞ்சம் இடது பக்கமா."

ஆலைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணா, நீங்க சொல்றது எப்பப் போட்ட இரும்பு! அது உருகி, இந்நேரம் ஏதாச்சும் ஒரு ரோட்டுல சாக்கடை மூடியாக் கெடக்கும்."

"எந்த ரோட்டுலன்னு..." என்று கேட்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். பஸ் நிலையம் வரைக்கும் நடந்து வந்தவர், வழியில் இருந்த சாக்கடை மூடி ஒன்றைக்கூட மிதிக்காமல் வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் நஸ்ரினின் வண்டி நின்றது. யசோதா அவளுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் வரச்சொன்னேன். நீங்க எப்பவும் ஒரு வேலை, ஒரு வேலைன்னு" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நீங்க நெறைய மாத்துனீங்கன்னு தெரியுங். நானும் பாத்துட்டுத்தான இருந்தேன். ஆனா ஒரு போல்ட்டு, ஒரு ஆணி, ஏதாச்சும் ஒண்ணு அவ கை பட்டது தப்பியிருக்குமில்லீங்?"

தப்பவில்லை. எதையும் தப்பவிடுகிற ஆள் இல்லை அவர். அதற்குத்தானே பரிசு! சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஷெட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

மேற்கே சாய்ந்த வெயில் நீல வண்டியின் மேல் விழுந்து, வண்டி தண்ணீரில் நனைந்தது போல் மின்னியது. நஸ்ரின் சுற்றி வந்தாள். பெடலில் தேய்மானியை வைத்தாள். அடுத்ததில் வைத்தாள். கியர்த் தண்டில் வைத்தாள். அவள் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"ஐயா..." என்றாள் தயங்கி.

"பாரும்மா. முழுசாப் பாரு" என்றாள் யசோதா.

நஸ்ரின் ஸ்டியரிங்கில் வைத்தாள். நின்றாள். மறுபடி வைத்தாள்.

"இதுல ஒருத்தர் இருக்காருங்கம்மா."

யசோதா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஆனா ஓட்டல. கிளட்சத் தொடவே இல்ல. ரெண்டு கையிலயும் ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சிருக்காரு. திருப்பல. பிடி மட்டுந்தான். இந்தா, மேல இந்த எடத்துல பெயிண்டு மங்கியிருக்குது பாருங்க. இது கை இல்ல. நெத்தி. நெத்திய வெச்சுக் குனிஞ்சிருக்காரு. எத்தனையோ தடவ." அவள் சென்னியப்பனைப் பார்க்காமலே சொன்னாள். "பெயிண்டுல உப்பு ஏறியிருக்குது."

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை யசோதா சந்தைக்குக் கிளம்பியதும் ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஏறி உட்கார்வார். பை நிறையக் காய்கறியோடு அவள் திரும்பும்போது, கையில் உப்புத்தாளோடு வேறு வண்டிப் பக்கம் நிற்பார். யசோதா அவரையே பார்க்கிறாள் என்று நிமிராமலே தெரிந்தது. அவளுடைய நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

நஸ்ரின் கருவியை மடிக்கப் போனவள், கடைசியாக ஒரு தடவை டாஷ்போர்டின் மேல் ஓட்டினாள்.

"இருங்க இருங்க. இன்னொருத்தர் இருக்காங்க."

"எங்க?" என்றார் சென்னியப்பன். அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"ஹாரன் பட்டன்ல. இவங்க வேற எதையும் தொடல. பட்டன் மட்டும். மெல்லிசு வெரல். ரெண்டு அழுத்து, விட்டுட்டு, ரெண்டு அழுத்து. ரெண்டு ரெண்டாத்தான். எல்லாமே ரெண்டு ரெண்டாத்தான் இருக்குது."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், சென்னியப்பனுக்கு நெஞ்சு துள்ளியது. தப்பிவிட்டது! ஒன்றை மாற்ற மறந்திருக்கிறேன்!

மறுகணமே நினைவு வந்தது. அவர் மறக்கவில்லை. பழைய பட்டனின் கறுப்பு, விரல் பட்டுப் பட்டு வெளுத்திருந்தது. அதைத்தான் முதலில் கழற்றினார். இது ஈரோட்டில் தேடி வாங்கிய புதுப் பட்டன். இதை மாட்டியபோது மிதுனா இல்லை. பேட்டரியும் அன்றிலிருந்து இல்லை. அழுத்தினால் சத்தம் வராத பட்டன்.

செவ்வாய்க்கிழமை சந்தை நேரம் அவருடையது. அவர் லேத்துக்குப் போகிற நேரங்களில் இந்த ஷெட்டு யாருடையது என்று அவர் யோசித்ததே இல்லை.

மெல்லத் தலையைத் திருப்பினார். யசோதா தலை கவிழ்ந்திருந்தாள். வலக்கை ஆள்காட்டி விரலைச் சேலைத் தலைப்பில் சுற்றி மறைத்துக்கொண்டிருந்தாள், சூடு பட்டவள் போல.

நஸ்ரின் கருவியின் கண்ணாடித் திரையைப் பார்த்தாள். கீறல் பழசா புதுசா என்று அது சொல்லும். அவள் சென்னியப்பனைப் பார்த்தாள், யசோதாவைப் பார்த்தாள். கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"இது... யாருங்க ஐயா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஒரு திருகாணி மாறியிருந்தாலும் நடுவரிடம் தானே போய்ச் சொல்கிறவர்.

"என்ற பொண்ணு" என்றார் சென்னியப்பன். "அந்தப் பட்டன மட்டும் மாத்த மனசு வரலம்மா. வுட்டுட்டேன்."

யசோதா நிமிர்ந்தாள். அவர் பார்வை விலகவில்லை. அவள் கண்கள் அவர் நெற்றிக்குப் போயின, பெயிண்டு மங்கிய அந்த இடத்துக்குப் போயின, மறுபடி அவரிடம் வந்தன.

"ஆமாங்" என்றாள். "அவளுதுதான். அவ அப்பிடித்தான் அடிப்பா. ரெண்டு ரெண்டா."

நஸ்ரின் திரையைத் தன் பக்கமாகத் திருப்பி மூடிவிட்டாள். தன் வண்டியிலிருந்து பேட்டரி எடுத்து வந்து கம்பியை மாட்டினாள். பட்டனின் மேல் ஒரே ஒரு பூச்சியை ஒட்டினாள்.

"ஒருக்காக் கேட்டுட்டுக் கழட்டிரலாமுங்க. அதுக்கு மேல வேண்டாம். கேக்கக் கேக்க விட மனசு வராது."

"செரி சாமி" என்றாள் யசோதா.

பூச்சி காலை மடக்கி அழுத்தியது.

பாம். பாம்.

மாட்டுக் கொட்டகையில் ஒரு கன்று துள்ளி எழுந்தது. வாய்க்கால் மேட்டில் முட்டிய சத்தம் திரும்பி வந்தது. சென்னியப்பன் தூணைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் திரும்பினால் யசோதாவைக் காணோம்.

வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. அடுப்பில் இரும்பு வைக்கும் 'டங்' சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, காய்ந்த கல்லில் மாவு விழும் 'சொய்ங்'.

"ஏனுங்!" சமையலறையிலிருந்து குரல் வந்தது. அந்தக் குரல் உடைந்திருந்தது. ஆனாலும் பழைய சலிப்பை எங்கிருந்தோ தேடி எடுத்துப் பூசிக்கொண்டிருந்தது. "தோசை ஊத்திட்டேன்! கையக் கழுவிட்டு வரச் சொல்லுங்க!"

சென்னியப்பன் காலி சீட்டைப் பார்த்தார். ஒரு மனுசக்கை பட்ட மாதிரியே இல்லாத வண்டி.

"வர்றாளாம்" என்றார்.